பம்பிங் குறைந்த இதயத்துக்கு ஆஸ்பிரின் எதற்கு?

தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஓர் இதய நோயாளி இருந்தால், பல நேரங்களில் அவரிடம் இரண்டு மருந்துச் சீட்டு இருக்கும். ஒன்று திருவனந்தபுரத்தில் எழுதியது. இன்னொன்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ மார்த்தாண்டத்து டாக்டர் ஒருவரிடமோ வாங்கியது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதாவது என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறும் வழக்கம் போகவில்லை.

இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சின்ன மாத்திரையில் குழப்பம் வரும். ஒன்றில் ஆஸ்பிரின் 75 இருக்கும். மற்றதில் அது கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும். ஒரு டாக்டர் மறந்துவிட்டாரா, இல்லை மற்றவர் தப்பாக எழுதிவிட்டாரா என்று வீட்டில் பேச்சு ஓடும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 மாத்திரைகளைக் கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராமில் இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராமில் நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமில் எட்டு. ஆஸ்பிரின் இதயத்தைக் காப்பாற்றும் மாத்திரை என்பது இப்படி ஊர் அறிந்த செய்தியாகிவிட்டது. அப்படிப்பட்ட மாத்திரையை, ஏற்கெனவே பலவீனமான இதயம் உள்ளவருக்கு ஏன் நிறுத்த வேண்டும்? கேள்வி நியாயமானது. பதிலுக்குப் போக, முதலில் இரண்டு நோய்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடைப்பு வேறு, தளர்ச்சி வேறு

மாரடைப்பு என்பது குழாய்க் கோளாறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி நாளத்தில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தக்கட்டி உருவாகி வழியை அடைக்கிறது. ரத்தம் போகாத தசை சாகிறது. எல்லாம் சில மணி நேரத்துக்குள் நடந்து முடிகிற விஷயம்.

இதயச் செயலிழப்பு என்பது பம்ப்புக் கோளாறு. தசை தளர்ந்துபோய், உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடிவதில்லை. நுரையீரலில் நீர் கோக்கிறது, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓடும் நோய்.

'செயலிழப்பு' என்ற சொல்லே பாதிக் குழப்பத்தைச் செய்துவிடுகிறது. கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மலையாளம் கலந்து புழங்கும் ஊர்களில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே 'ஹ்ருதயாகாதம்' என்றால் மாரடைப்பு. 'ஹ்ருதயஸ்தம்பனம்' என்றால் இதயம் நின்றுபோவது. நாம் பேசுவது இந்த இரண்டையும் அல்ல. தளர்ந்தாலும் ஓடிக்கொண்டிருக்கிற இதயத்தைப் பற்றி.

பம்பிங் என்கிற எண்

எக்கோ எடுத்துவிட்டு வருபவர்கள் "பம்பிங் 30 தான் இருக்காம்" என்று சொல்வார்கள். இதயத்தின் இடது கீழறை விரியும்போது அதில் நிறையும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமும் முழுவதையும் வெளியேற்றாது. 55, 60, 65 என்று இருந்தாலே சரி. அதனால் பம்பிங் 60 என்றதும் பரீட்சை மார்க் போல 40 குறைந்துவிட்டதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 'பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்பு' என்கிறார்கள். இந்தக் கட்டுரை பேசுவது அந்த வகையைப் பற்றி. பம்பிங் சரியாக இருந்தும் மூச்சு முட்டும் வகை ஒன்று உண்டு. அது வேறு கதை.

இந்த எண் இதயம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லும். ஏன் தளர்ந்தது என்று சொல்லாது. ஒருவருக்கு 10 வருடம் முன்பு வந்த அட்டாக்கில் தசையில் ஒரு பகுதி செத்து 30-க்கு இறங்கியிருக்கலாம். இன்னொருவருக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, மூன்றாமவருக்கு வருடக்கணக்கான குடியால், வேறொரு பெண்ணுக்குப் பிரசவத்தை ஒட்டி, அதே 30 வந்திருக்கலாம். எக்கோ தாளில் நால்வருக்கும் ஒரே எண்தான். ஆஸ்பிரின் விஷயத்தில் நால்வரும் ஒன்றல்ல.

ஆஸ்பிரின் உடம்புக்குள் செய்கிற வேலை

திருவனந்தபுரத்து மருந்துக் கடையில் ஆஸ்பிரினைக் கொடுக்கும்போது "ரக்தம் கட்ட பிடிக்காதிரிக்கான்" என்பார்கள். நம் பக்கம் "ரத்தம் உறையாம இருக்க" என்பது. இரண்டும் சரி, ஆனால் ரத்தம் உறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு என்பதை அவை சொல்வதில்லை.

முதல் வழி தட்டணுக்கள். நாளத்தின் சுவர் கிழிந்தால் இவை ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, துணைக்கு மற்ற தட்டணுக்களையும் கூப்பிடும். கூப்பிடுவதற்கு அவை வெளிவிடும் பொருளின் பெயர் திராம்பாக்சேன். அதைத் தயாரிக்கும் நொதியைத்தான் ஆஸ்பிரின் நிரந்தரமாகக் கெடுக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் புது நொதியைச் செய்துகொள்ளவும் முடியாது. சாகும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள்வரை, அது ஊமைதான். 75 மில்லிகிராம் என்ற சிறிய அளவே தினமும் போதுமானதாக இருப்பதன் ரகசியம் இது. திராம்பாக்சேனின் குடும்பத்துப் பொருள்கள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-இல் கண்டு சொன்ன ஜான் வேன் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாத்திரை 1899-லிருந்தே விற்பனையில் இருந்தது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிய 70 வருடத்துக்கு மேல் ஆனது.

இரண்டாவது வழி, ரத்தத்தில் உள்ள உறைதல் புரதங்கள். ரத்தம் தேங்கி நிற்கும் இடத்தில் இவைதான் முன்னால் நின்று கட்டியை உண்டாக்கும். இதைத் தடுப்பவை வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவை. ஆஸ்பிரினுக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

வேகமாக ரத்தம் ஓடும் குறுகிய குழாயில், வெடித்த கொழுப்புப் படிவின்மேல் உண்டாகும் கட்டிக்கு ஆஸ்பிரின் நல்ல மருந்து. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு மாதம் தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 9.4 சதவீதம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 11.8 சதவீதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று கொடுக்கும் அந்த இரண்டு ஆஸ்பிரினுக்கும் அடிப்படை இப்படிப்பட்ட ஆய்வுகள்தான்.

பலவீன இதயத்துக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படித்தான் பல வருடம் டாக்டர்களும் நினைத்தார்கள். யோசனை இப்படிப் போனது:

1. தளர்ந்த இதயத்தில் ரத்தம் மெதுவாக நகரும், மூலையில் தேங்கும். தேங்கினால் கட்டும். கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

2. இதயம் தளர்ந்தவர்களில் பலருக்குக் கரோனரி அடைப்பும் இருக்கிறது. இன்னொரு அட்டாக்கைத் தாங்கும் சக்தி அந்த இதயத்துக்கு இல்லை.

3. ஆஸ்பிரின் மலிவு, பழகிய மருந்து. கொடுத்துவிட்டால் என்ன நஷ்டம்?

எதிர்ப்பக்கத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. அது சிறுநீரகத்தைப் பற்றியது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். உடம்பு அதைச் சமாளிக்க புராஸ்டாகிளான்டின் என்ற பொருளைச் சுரந்து சிறுநீரக நாளங்களை விரித்து வைத்துக்கொள்ளும். தளர்ந்த இதயத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மருந்துகளும் தங்கள் பலனில் ஒரு பகுதியை இந்தப் பொருள் வழியாகவே தருகின்றன என்று கருதப்படுகிறது. திராம்பாக்சேனும் புராஸ்டாகிளான்டினும் பங்காளிகள் மாதிரி. ஒரே நொதியின் வழியாக வருபவை. ஆஸ்பிரின் அந்த நொதியைத் தடுத்தால் கெட்டதோடு நல்லதும் குறையும். விளைவு, உப்பும் நீரும் உடம்பில் தங்கும். ஒரு பக்கம் நீர் மாத்திரை கொடுத்து நீரை இறக்கிக்கொண்டே, மறுபக்கம் அதைத் தேக்கும் மாத்திரையையும் கொடுப்பதா என்பதுதான் அந்தச் சந்தேகம்.

ஆனால் இந்தத் தடை அளவைப் பொறுத்தது. 300 மில்லிகிராமில் இந்த ஆபத்து தெளிவாகத் தெரியும். 75-இல் மிகவும் குறைவு. இந்தியாவில் நீண்ட நாள் எடுப்பதற்கு எழுதப்படுவது பெரும்பாலும் 75 அல்லது 150 என்பதால், சிறுநீரக வாதத்தை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. 2002-இல் ஆறு பெரிய ஆய்வுகளின் 22,060 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், ஆஸ்பிரின் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எனலாப்ரில் வகை மருந்துகள் பலன் தந்தன. ஆஸ்பிரினோடு சேரும்போது அந்தப் பலன் சற்றுக் குறைவதுபோல் இருந்ததே தவிர, அழிந்துபோகவில்லை.

சோதித்தபோது கிடைத்த விடை

யோசனை எவ்வளவு அழகாக இருந்தாலும் நோயாளிகளிடம் சோதித்துத்தான் தெரியும். மூன்று ஆய்வுகள் முக்கியமானவை.

வாஷ், 2004. 279 பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு. ஒரு குழுவுக்கு ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், ஒரு குழுவுக்கு வார்ஃபரின், ஒரு குழுவுக்கு இரண்டும் கிடையாது. இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் ஆஸ்பிரின் குழுவில் 32 சதவீதம், மற்ற இரண்டிலும் 26 சதவீதம். ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் இந்த வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஆஸ்பிரின் குழுவினர் மருத்துவமனையில் சேர்வது கூடியிருந்தது.

வாட்ச், 2009. பம்பிங் 35-க்கு மேல் போகாத, நாடி சீராக உள்ள 1,587 பேர். 4,500 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, ஆள் கிடைக்காமல் பாதியில் முடித்துக்கொண்டார்கள். ஆஸ்பிரின் 162 மில்லிகிராம், தட்டணுக்களைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மூன்றும் முக்கிய அளவுகோலில் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆஸ்பிரினில் 22.2 சதவீதம், வார்ஃபரினில் 16.5 சதவீதம்.

வார்செஃப், 2012. மூன்றில் பெரியது, 11 நாடுகளில் 2,305 பேர். ஆஸ்பிரின் 325 மில்லிகிராமா, வார்ஃபரினா? இறப்பையும் பக்கவாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 100 பேருக்கு ஒரு வருடத்தில் ஆஸ்பிரினில் 7.93-ம் வார்ஃபரினில் 7.47-ம், வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். வார்ஃபரினில் அடைப்பால் வரும் பக்கவாதம் பாதியளவு குறைந்தது (0.72, 1.36), பெரிய ரத்தக்கசிவு இரண்டு மடங்கானது (1.78, 0.87). ஒரு கை கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டது. வாட்ச் ஆய்வில் கண்ட, ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதிகம் அட்மிட் ஆகிறார்கள் என்ற விஷயம் இதில் உறுதிப்படவில்லை.

வார்செஃப் முடிவு வந்தபோது "வார்ஃபரினுக்கு ஆஸ்பிரின் சளைத்ததல்ல, அதனால் ஆஸ்பிரினே கொடுப்போம்" என்று சிலர் படித்தார்கள். என் பார்வையில் இது அவசரப் படிப்பு. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளைக்கு இரண்டு பஸ் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால், பஸ்கள் சமம் என்று மட்டும் சொல்லலாம். அன்று சாலை முழுக்க நெரிசலாக இருந்து, நடந்து போனவரும் அதே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரா என்பதை அந்தப் போட்டி காட்டாது. 'எதுவும் கொடுக்காத' குழு இந்த மூன்றில் வாஷ் ஆய்வில் மட்டும்தான் இருந்தது. அதிலும் ஆஸ்பிரின் முந்தவில்லை.

இதற்குப் பின் 2018-இல் கமாண்டர் ஆய்வு வந்தது. பம்பிங் குறைந்து, கரோனரி நோயும் இருந்த 5,022 பேருக்குச் சிறிய அளவு ரிவரோக்சபானை வழக்கமான மருந்துகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் ரிவரோக்சபானில் 25 சதவீதம், போலி மாத்திரையில் 26.2 சதவீதம்; அதிலும் பெரிய மாற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால் தெரிவது இதுதான்: தளர்ந்த இதயத்தோடு வாழ்பவர்களின் ஆபத்தில் பெரும்பங்கு ரத்தக்கட்டியிலிருந்து வரவில்லை. தசை மேலும் தளர்வது, துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றுபோவது இவற்றிலிருந்து வருகிறது. கட்டியைத் தடுக்கும் மருந்து அங்கே கை வைக்க முடியாது.

2021-இல் ஒரு செய்தி பரவியது நினைவிருக்கலாம்: "ஆஸ்பிரின் சாப்பிட்டால் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம்." 30,827 பேரைக் கவனித்துப் பார்த்த ஆய்வு அது. கவனித்துப் பார்ப்பது வேறு, சீட்டுக் குலுக்கி மருந்து கொடுத்துச் சோதிப்பது வேறு. ஆஸ்பிரின் எழுதப்பட்டவர்கள் முன்பே இதய ஆபத்து கூடியவர்களாக இருந்திருக்கலாம். கணக்கில் அதைச் சரிக்கட்ட முயன்றார்கள் என்றாலும், அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப்போடுவதற்கு அது போதுமான ஆதாரம் அல்ல.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ஆஸ்பிரினுக்கான காரணம் குழாயில் இருக்கிறது, பம்பிங் எண்ணில் இல்லை. இதை வைத்துப் பிரித்தால் இரண்டு சீட்டுக் குழப்பம் பெரிதும் தெளியும்.

1. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர்: ஆஸ்பிரின் (அல்லது அதற்குப் பதில் குளோபிடோக்ரெல்) தொடரும். பம்பிங் 25 ஆனாலும் 55 ஆனாலும் இதில் மாற்றமில்லை. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி அடைத்துக்கொள்ளலாம். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

2. ஆஞ்சியோ செய்து கரோனரி நாளங்கள் சுத்தமாக இருப்பதாகத் தெரிந்தவர். வைரஸ், குடி, பிரசவம், பரம்பரை என்று வேறு காரணத்தால் தசை தளர்ந்தவர்: ஆஸ்பிரினால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை. இரைப்பை, குடல் ரத்தக்கசிவு ஆபத்தோ நிச்சயம் உண்டு. 2016-இல் வந்த ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொன்னது. இவர் சீட்டில் ஆஸ்பிரின் அடிக்கப்பட்டிருந்தால் அது மறதியல்ல.

3. நாடி தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்: இவருக்கு வேண்டியது இரண்டாவது வழியைத் தடுக்கும் மருந்து. அவெரோஸ் என்ற 2011 ஆய்வில், வார்ஃபரின் எடுக்க முடியாத 5,599 பேரில் பக்கவாதம் முதலியவை அபிக்சபானில் வருடத்துக்கு 1.6 சதவீதம், ஆஸ்பிரினில் 3.7 சதவீதம், பெரிய ரத்தக்கசிவில் பெரிய வேறுபாடில்லை. "ஆஸ்பிரின்தான் பாதுகாப்பு" என்று நம்பி இவருக்கு அதைக் கொடுப்பது, காப்பாற்றாத ஒன்றைக் கொடுத்து நிம்மதியாக இருப்பதற்குச் சமம்.

4. செயற்கை உலோக வால்வு வைத்தவர்: திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனம் உருவாக்கிய வால்வு 1990-இல் முதல்முறை பொருத்தப்பட்டது, குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு 'சித்திரா வால்வு' புதுப் பெயரல்ல. இவர்களுக்கு வார்ஃபரினோ அசிட்ரோமோ ஆயுளுக்கும் வேண்டும். அதற்குப் பதிலாக ஆஸ்பிரினை மட்டும் எடுப்பது கூடவே கூடாது. எக்கோவில் இதய அறைக்குள்ளேயே கட்டி தெரிந்தவர்களுக்கும் வேண்டியது அந்த வகை மருந்துதான். அவர்களுக்கு எவ்வளவு காலம் என்பதைக் கட்டி கரைவதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

5. ஸ்டென்ட்டும் உண்டு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உண்டு: இங்கேதான் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாக எழுதுவது அதிகம் நடக்கும். சில காலம் இரண்டு வகையும் சேர்ந்து ஓடும். ஒரு வருடம் போல கடந்து நிலைமை சீரானபின் பெரும்பாலும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் தொடர்வார்கள். ஜப்பானில் நடந்த அஃபையர் ஆய்வில் (2019) ரிவரோக்சபானை மட்டும் எடுத்தவர்களுக்கு, சேர்த்து எடுத்தவர்களைவிட ரத்தக்கசிவும் இறப்பும் குறைவாக இருந்தன. பழைய சீட்டில் இருந்து, புதிய சீட்டில் இல்லாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இடையில் ஒரு கூட்டம் மிச்சமிருக்கிறது: கரோனரியில் லேசான படிவு உண்டு, ஆனால் அட்டாக்கோ ஸ்டென்ட்டோ இல்லை. இவர்கள் விஷயத்தில் டாக்டர்களிடையே உண்மையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. வயது, சர்க்கரை, அல்சர், ரத்தசோகை எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் முடிவு.

நம் பக்கத்துக் கணக்கு

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளில் நடந்தவை. நம் ஊர் நிலைமையைக் காட்ட ஒரு நல்ல பதிவேடு பக்கத்திலேயே இருக்கிறது. 2013-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்ந்த 1,205 பேரை ஸ்ரீ சித்திரை மருத்துவர்கள் தலைமையில் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. அமெரிக்காவில் இந்த நோயோடு அட்மிட் ஆகிறவர்களைவிடப் பத்து வருடம் இளையவர்கள். 72 சதவீதம் பேருக்குக் காரணம் கரோனரி அடைப்பு.

இந்த 72-க்கு நம் கேள்வியில் நேரடி அர்த்தம் உண்டு. திருவனந்தபுரம், குமரி பக்கம் பம்பிங் குறைந்த நான்கு பேரை எடுத்தால் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஆஸ்பிரினுக்கு வலுவான காரணம் இருக்கக்கூடும். "பம்பிங் குறைவுக்கு ஆஸ்பிரின்" என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போனதற்கும் அதுதான் காரணம். தொல்லை நான்காவது ஆளுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார், நமக்கு ஏன் எழுதவில்லை என்று கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர் இவர்தான்.

அதே பதிவேட்டில் என்னை அதிகம் உறுத்தும் எண் வேறு. பம்பிங் குறைந்தவர்களில், டிஸ்சார்ஜ் ஆகும்போது வழிகாட்டுதல்படியான மருந்துகள் எல்லாம் எழுதப்பட்டிருந்தது 25 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஐந்து வருடத்தில் மொத்த நோயாளிகளில் 59 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஆஸ்பிரின் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு சீட்டை ஒப்பிடும் வீட்டில், கீழே உள்ள நான்கும் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட அவசரம்:

1. எனலாப்ரில், ராமிப்ரில் வகை, அல்லது அதன் இடத்தில் சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன். 1987-இல் கடுமையான நோயாளிகளுக்கு எனலாப்ரில் கொடுத்தபோது ஆறு மாத இறப்பு 44 சதவீதத்திலிருந்து 26-ஆக இறங்கியது.

2. பைசோப்ரோலால், கார்வெடிலால், மெட்டோப்ரோலால் சக்சினேட்: இவற்றில் ஒன்று.

3. ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்லெரினோன். 1999-இல் வந்த ஆய்வில் இறப்பு 46-லிருந்து 35 சதவீதமானது.

4. டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரை மாத்திரையாகப் பிறந்தவை. சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கும் வேலை செய்கின்றன. "எனக்குச் சர்க்கரையே இல்லையே" என்று இதை ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு, ஒதுக்க வேண்டியதில்லை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தபின் விலையும் நன்றாக இறங்கிவிட்டது.

சிறுநீரகம், பொட்டாசியம், ரத்த அழுத்தம் பார்த்து இவற்றில் ஒன்றிரண்டை டாக்டர் தவிர்க்கலாம். தவிர்த்திருந்தால் ஏன் என்று கேட்பதில் தப்பில்லை. மூச்சு முட்டலை உடனே குறைப்பது லாசிக்ஸ், டைட்டார் போன்ற நீர் மாத்திரைகள். அவை சுகம் தரும். ஆனால் மேலே சொன்ன நான்கைப் போல ஆயுளைக் கூட்டுவதாகக் காட்டப்பட்டவை அல்ல.

ஆஸ்பிரினைவிட ஆபத்தான உறவினர்கள்

சிறுநீரகத்தைப் பற்றிச் சொன்ன அந்தச் சந்தேகம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினில் சிறியது. ஆனால் அதே குடும்பத்து வலி மாத்திரைகளில், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றில், அது பெரிய உண்மை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் விடிவதற்கு முன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கு முட்டுவலி புதிதல்ல. கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். பம்பிங் குறைந்தவர் இதைச் செய்தால் உப்பும் நீரும் தங்கி, இரண்டே நாளில் கால் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் நிற்கலாம். ராமிப்ரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஐபுப்ரோஃபெனுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. ஆஸ்பிரினுக்கு முன்பு அதைச் சாப்பிட்டால், ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாத கதை.

வலிக்கு பாராசிட்டமால் பரவாயில்லை. ஆனால் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற வகை வேண்டாம். அதில் உப்பு அதிகம். உப்பைப் பற்றிச் சொல்வதானால், மரச்சீனிக் கிழங்கோடு கருவாடும், கஞ்சியோடு ஊறுகாயும் பப்படமும் ருசியாகத்தான் இருக்கும். நீர் மாத்திரையின் பாதி வேலையை அந்த ஒரு வேளைச் சாப்பாடு தின்றுவிடும்.

சீட்டில் மாறுதல் தெரிந்தால்

தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகச் சேர்க்கவும் வேண்டாம். இரண்டு சீட்டையும், பழைய ஆஞ்சியோ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு டாக்டரிடம் போய்க் கேட்க வேண்டியவை மூன்று: என் இதயம் எதனால் தளர்ந்தது? என் கரோனரி நாளங்கள் எப்படி இருக்கின்றன? என் நாடி சீராக இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ஆஸ்பிரின் கேள்விக்குப் பதில் ஏறக்குறைய தானாகவே வந்துவிடும். ஆஞ்சியோ அறிக்கை தொலைந்துபோயிருந்தால், செய்த இடத்தில் நகல் கேட்டு வாங்கிவைப்பது நல்லது. எல்லைக்கு இந்தப் பக்கம் பார்க்கும் டாக்டருக்கு அந்தப் பக்கத்துப் பதிவு தானாக வந்து சேராது.

ஆஸ்பிரின் எடுப்பவர் மலம் தார் போலக் கறுத்துப் போனால், வழக்கத்தைவிட அதிகமாகக் களைத்தால், உடனே காட்ட வேண்டும். இரைப்பையில் கசியும் ரத்தம் அப்படித்தான் வெளியே தெரியும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் குறைந்தால் தளர்ந்த இதயத்துக்குச் சுமை இன்னும் கூடும்.

கடைசியாக, முதலில் சொன்ன 14 மாத்திரைக்கே வருவோம். "எனக்கு ஆஸ்பிரின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்பவருக்கு ஒரு நாள் உண்மையிலேயே நெஞ்சை அழுத்தும் வலி வந்து, இசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்தால்? அப்போது பிரச்சினை குழாய்க்குப் போய்விட்டது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, ரத்தக்கசிவோ இருந்தால் ஒழிய, அந்த இரண்டு மாத்திரை அவருக்கும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம்: ஆஸ்பிரினை எதற்காக நிறுத்தினார்கள், இப்போது அசிட்ரோம், அபிக்சபான் மாதிரி வேறு மாத்திரை ஓடுகிறதா. அதைக் கேட்டுவிட்டு எத்தனை கொடுப்பது என்பதை அங்கே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.